கழுதை ஆட்டத்தில் சம்பவச் சீட்டு: எங்கே தகராறு வருகிறது, எப்படிச் சரி செய்வது

நோம்பிக்குச் சொந்தம் கூடும் வீடுகளிலும், கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மண்டபத்து மாடியிலும் எங்கள் ஆட்கள் விரும்பி ஆடுவது கழுதைதான். அதில் சம்பவச் சீட்டு, அதாவது நடுநடுவே எடுத்து அதில் எழுதியிருப்பதை நடத்துகிற தனிச் சீட்டு, சேர்த்து ஆடினால் ஆட்டம் கலகலப்பாகிறது. ஆனால் சேர்க்கிற விதம் தப்பினால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள். இதையே திரும்பத் திரும்பப் பார்த்ததால், என்ன கோளாறு தெரிந்தால் எங்கே கைவைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை ஆட்டம். வீட்டுக்கு வீடு சின்ன வித்தியாசம் இருக்கும், இது நான் எடுத்துக்கொள்ளும் வடிவம். ஒரு கட்டு, 52 சீட்டு, ஜோக்கர் வேண்டாம். எல்லாவற்றையும் பங்கு போட்டுவிட வேண்டும். ஸ்பேடு ஆஸ் வைத்திருப்பவர் தொடங்குவார். அவர் இறக்கிய வகையையே எல்லோரும் போட வேண்டும். எல்லோரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் கழிவுக்குப் போகும், பெரிய சீட்டு போட்டவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். ஒருவரிடம் அந்த வகை இல்லையென்றால் வேறு வகையைப் போட்டு வெட்டுவார். சுற்று அங்கேயே நின்றுவிடும். அதுவரை பெரிய சீட்டு போட்டவர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு, அடுத்த சுற்றையும் தொடங்க வேண்டும். கை காலியானவர் வெளியே. கடைசியில் சீட்டோடு நிற்பவர் கழுதை.

சம்பவச் சீட்டு பன்னிரண்டு போதும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒரே அளவில் வெட்டி எழுதிக்கொள்ளலாம்.

ஆடிக்காத்து (3): எல்லோரும் கையிலிருந்து ஒரு சீட்டை அடுத்து ஆடுபவருக்குத் தள்ள வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை உடுமலை, பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சந்தை (3): சுற்றைத் தொடங்குபவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒரு சீட்டு மாற்றிக்கொள்ளலாம். மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற மாதிரி துண்டுக்குள்ளே.

வாய்க்கால் முறை (2): இந்தச் சுற்றுக்கு முன்னால் ஒற்றைப்படை இடத்தில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு சீட்டை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், அதற்கடுத்த சுற்றுக்கு முன்னால் இரட்டைப்படைக்காரர்கள். கீழ்பவானி வாய்க்காலில் 2,07,000 ஏக்கர் பாசனத்தை ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று இரண்டாகப் பிரித்து, ஒரு போகத்துக்கு ஒரு பாதிக்குத் தண்ணீர் விடும் முறைதான் இது.

கரண்ட் கட் (2): அந்தச் சுற்றில் தொடங்குபவரைத் தவிர மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, கடைசியில் எல்லோரும் சேர்ந்து திருப்ப வேண்டும்.

மொய் (2): கையில் குறைவான சீட்டு வைத்திருப்பவருக்கு மற்ற எல்லோரும் ஆளுக்கு ஒன்று எழுத வேண்டும்.

இனி கோளாறுகள்.

"நெனச்சு ஆடி என்ன பிரயோசனம்? ஒரு சீட்டு வந்து எல்லாத்தையும் கலைச்சுப்போடுது"

நன்றாக ஆடுபவர்கள்தான் முதலில் இதைச் சொல்வார்கள். இதைச் சரி செய்யாமல் மற்றதைச் சரி செய்து பலனில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கழுதை வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை. யாராவது கிளாவரை வெட்டினால் அவரிடம் கிளாவர் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. யாராவது அள்ளினால் என்னென்ன சீட்டு அவர் கைக்குப் போனது என்று எல்லோரும் பார்க்கிறோம். இப்படிச் சுற்றுக்குச் சுற்று மற்றவர் கையைப் பற்றிய கணக்கு மனதில் சேர்கிறது. ஏழாவது எட்டாவது சுற்றில் எந்த வகையை இறக்கினால் யார் வெட்டுவார், யார் அள்ளுவார் என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் வரும். சம்பவச் சீட்டு இந்தக் கணக்கை அழித்தால் ஆட்டத்தின் உயிரே போய்விடும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: சம்பவம் நடந்து முடிந்தவுடன், ஞாபகசக்தி உள்ள ஒருவரிடம், "இப்ப யார்கிட்ட டைமன் இல்லீங்?" என்று கேளுங்கள். நடக்கும் முன்னால் சொல்ல முடிந்து, நடந்த பிறகு சொல்ல முடியவில்லை என்றால் கோளாறு அந்தச் சீட்டில்தான்.

சரி செய்ய இரண்டு வேலை. ஒன்று, கைமாறும் சீட்டு கண்ணில் பட வேண்டும். ஆடிக்காத்தில் ஆளாளுக்குக் கவிழ்த்துக் கொடுக்காமல், தள்ளுகிற சீட்டை எல்லோரும் தன் முன்னால் விரித்து வைத்து, எல்லோரும் பார்த்த பிறகு எடுத்துக்கொள்ளட்டும். ஐந்து பேர் ஆடினால் ஐந்து சீட்டு எங்கே போனது என்று புதிதாகத் தெரிகிறது. ஞாபகம் வைப்பவருக்கு வேலை கூடுகிறதே தவிர, வீணாவதில்லை. சந்தையில் துண்டின் சுவாரசியமே மறைவுதான், அதை எடுத்துவிட மனம் வராது. அதனால் மாற்றி முடித்ததும் இருவரும் தாங்கள் வாங்கிய சீட்டின் வகையை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டும், எண்ணைச் சொல்ல வேண்டாம். ஆர்ட்டின் போனது தெரியும், ராணியா மூன்றா என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். இதுவரை நான் பார்த்ததில் நல்ல நடுவழி இதுதான்.

இரண்டாவது வேலைதான் முக்கியம்: சம்பவம் முடிவெடுத்த பிறகு வரக்கூடாது, முடிவெடுப்பதற்கு முன்னால் வர வேண்டும். சீட்டை எடுத்தவுடனே நடத்தாமல், எல்லோருக்கும் தெரியும்படி நடுவில் திறந்து வையுங்கள். ஒரு சுற்று அப்படியே ஆடி முடியட்டும். அதற்கடுத்த சுற்று தொடங்கும் முன்னால் நடத்துங்கள். இந்த ஒரு சுற்று அவகாசம் ஆட்டத்தையே மாற்றிவிடும். ஆடிக்காத்து வரப்போகிறது என்று தெரிந்தால், ஸ்பேடு ராஜாவை இந்தச் சுற்றில் இறக்கி அடிவாங்காமல், தள்ளுவதற்கு வைத்துக்கொள்ளலாம். உங்களிடம் ஒரு வகை இல்லை என்றால், முந்தைய ஆள் அதே வகையைத் தள்ளி உங்கள் வெட்டைக் கெடுக்கப் பார்ப்பார் என்றும் யோசிக்கலாம். மொய் வரப்போகிறது என்றால், குறைந்த சீட்டுக்காரர் ஆகாமல் இருக்க வேண்டுமென்றே ஒரு சின்னக் குவியலை அள்ளுகிறவரும் உண்டு. அதே சீட்டு, அதே அதிர்ஷ்டம். ஆனால் "எனக்கு ஏன் இப்படி நடந்துச்சு" என்ற பேச்சு போய், "இதை வெச்சு நான் என்ன பண்ணலாம்" என்ற யோசனை வந்துவிடுகிறது.

கையை மொத்தமாக மாற்றிக்கொள்ளும் சம்பவம் பல வீடுகளில் இருக்கிறது. எடுத்துவிடுங்கள். அதுவரை ஆடிய எல்லாவற்றையும் ஒரே நொடியில் இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்கிறது. அவகாசம் கொடுத்தாலும் அது சரியாகாது.

"ஆட்டம் முடியவே மாட்டேங்குது"

கழிவைப் பாருங்கள். கழிவிலிருந்து கைக்குச் சீட்டு திரும்பி வருகிற சம்பவம் ஏதாவது இருக்கிறதா? "மழை பேஞ்சுது, ஆளுக்கு ரெண்டு எடு" என்கிற மாதிரி? அதுதான் காரணம்.

ஐந்து பேர் இருக்கும்போது எல்லோரும் ஒரே வகை போட்ட ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து சீட்டு ஆட்டத்தை விட்டுப் போகிறது: 52, 47, 42. வெட்டு விழுந்தால் எதுவும் குறையாது, ஆனால் கூடவும் கூடாது. சீட்டு கூடாமல் குறைந்துகொண்டே போவதால்தான் கழுதை எப்படியும் ஒரு முடிவுக்கு வருகிறது. ஆளுக்கு இரண்டு என்று பத்துச் சீட்டைத் திரும்ப எடுத்தால், இரண்டு நல்ல சுற்றின் வேலை ஒரே சம்பவத்தில் போய்விடும். கையிலிருந்து கைக்குச் சீட்டு எப்படி வேண்டுமானாலும் போகலாம். கழிவுக்குப் போனது போனதுதான்.

கழிவில் கைவைக்கும் சீட்டு எதுவும் இல்லாமலே இழுக்கிறது என்றால், எடுத்து முடித்த சம்பவச் சீட்டுகளை மறுபடி கலைத்து வைக்கிறீர்களா என்று பாருங்கள். பன்னிரண்டும் தீர்ந்தால் தீர்ந்ததுதான், மீதி ஆட்டம் பழைய கழுதையாகவே ஓடட்டும்.

"சம்பவமே வர மாட்டேங்குது" அல்லது "மூச்சு விட நேரமில்லாம வருது"

எதை வைத்துச் சம்பவச் சீட்டை எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். சுற்றுக்கு ஒன்று எடுத்தால் கூச்சல்தான் மிஞ்சும். எட்டு விழுந்தால் எடு, ஏழு விழுந்தால் எடு என்று வைத்தால், அந்தச் சீட்டு வைத்திருப்பவர் தனக்குத் தோதான நேரம் பார்த்து இறக்குவார். எனக்குப் பிடித்தது தாயக்கட்டை. ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் முன்னால் இரண்டு கட்டையை உருட்டுங்கள்.

கட்டை ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நான்கு முகம், இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். தாயம், அதாவது இரண்டும் சேர்ந்து ஒன்று, அதில் 2 விதம்தான். தாயத்துக்கு மட்டும் சம்பவம் என்றால் எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. பத்துச் சுற்று ஆடினாலும் ஒரு சம்பவம்கூட வராமல் போக நூற்றுக்கு 26 பங்கு இடம் இருக்கிறது. தாயமோ ஐந்தோ விழுந்தால் என்று வைத்தால் 16-இல் 4, பத்துச் சுற்றுக்கு இரண்டு மூன்று சம்பவம் வரும். ஒன்றுமே வராத ஆட்டம் நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு (இரண்டிலும் 0) என்று மறு உருட்டு கிடைக்கும் எல்லாவற்றுக்கும் வைத்தால் 16-இல் 6. பொடிசுகள் அதிகம் இருந்தால் அதைத்தான் கேட்பார்கள், அதுவும் நல்லாத்தான் இருக்கும். பெரியவர்கள் மட்டும் ஆடும்போது தாயமும் ஐந்தும் போதும். ஒரு விழுகைக்கு ஒரு சம்பவம்தான், மறு உருட்டு இங்கே இல்லை.

ஒரு சம்பவம் நடுவில் காத்திருக்கும்போது இன்னொரு தாயம் விழுந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இரண்டு சம்பவம் அடுக்கினால் எது முன்னால் என்ற சண்டை தவறாமல் வரும்.

"ஒரே ஆளே அடி வாங்குறாரு"

அள்ளியவர்தான் சம்பவச் சீட்டு எடுக்க வேண்டும் என்ற விதி இருந்தால் இப்படித்தான் ஆகும். அள்ளியவரிடம் சீட்டு கூடுகிறது, பெரிய சீட்டும் கூடுகிறது, அதனால் மறுபடி அள்ளுகிறார், மறுபடி சம்பவம். விழுந்தவரையே மிதிக்கிற விதி அது. கட்டை உருட்டும் வேலையை யார் அள்ளினார் என்பதிலிருந்து பிரித்துவிடுங்கள்.

பிரித்த பிறகும் அதே ஆள் அடி வாங்கினால், சம்பவச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு ஆட்டம் சும்மா ஆடிப் பாருங்கள். ஆஸையும் ராஜாவையும் கடைசி வரைக்கும் பிடித்து வைத்துக்கொள்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. முதல் சில சுற்றில் பெரும்பாலும் எல்லோரிடமும் எல்லா வகையும் இருக்கும், வெட்டு விழுவது குறைவு, பெரிய சீட்டைக் கழிக்க அதுதான் நேரம். அதைச் சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

"வெளிய போகப் போனவரு கையில மறுபடி அஞ்சு சீட்டு"

இது மொய்யின் வேலை. ஐந்து பேரில் ஒருவரிடம் ஒரே சீட்டு இருக்கும்போது நான்கு பேர் ஆளுக்கு ஒன்று எழுதினால் அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். முன்னால் போகிறவரைக் கொஞ்சம் பிடித்து இழுப்பதுதான் மொய்யின் நோக்கம், வாசல்படியில் காலை வாருவது இல்லை.

இதற்கு ஒரு விதி வைத்தால் இன்னும் பல தலைவலி சேர்ந்தே போய்விடும்: மூன்று சீட்டும் அதற்குக் குறைவும் வைத்திருப்பவரைச் சீட்டு கைமாறும் எந்தச் சம்பவமும் தொடாது. அவர் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். ஆடிக்காத்து அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போகும், மொய் நான்கும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களில் குறைந்தவருக்குப் போகும். சம்பவத்தால் கை காலியாகி வெளியே போகிற விசித்திரமும் நடக்காது. கரண்ட் கட்டில் சீட்டு கைமாறுவதில்லை, அது எல்லோருக்கும் பொது. இந்த விதி வந்த பிறகு எல்லோரும் மூன்று சீட்டுக்கு இறங்கப் பாடுபடுவார்கள், ஆட்டத்தின் நடுப்பகுதிக்கு நல்ல விறுவிறுப்பு வந்துவிடும்.

சண்டை வருகிறது

பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"ஏனுங் மாமா, நான் சீட்டு எறக்குனதுக்கு அப்பறந்தானுங்க தாயம் உழுந்துச்சு?"

"இல்லீங் மாப்ள, கட்டை உருண்டு நின்னதுக்கு அப்பறந்தான் உங்க சீட்டு கீழ வந்துச்சு."

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். கட்டை எப்போது உருள வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதுதான் பிரச்சினை. வரிசையை ஒரு அட்டையில் எழுதி நடுவில் வைத்துவிடுங்கள்: போன சுற்றின் சீட்டு கழிவுக்கோ கைக்கோ போய்ச் சேர வேண்டும், காத்திருக்கும் சம்பவம் இருந்தால் அதை நடத்தி முடிக்க வேண்டும், பிறகு கட்டை, பிறகுதான் முதல் சீட்டு. கட்டை உருளும் முன் இறக்கிய சீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு சம்பவச் சீட்டிலும் பெயர் மட்டும் எழுதினால் போதாது. யாருக்கு, என்ன, எந்தச் சுற்று வரை என்பதையும் எழுதுங்கள். வாய்க்கால் முறையில் இது ரொம்ப முக்கியம். ஒற்றைப்படைக்காரர்கள் கொடுத்து முடித்ததும், இரட்டைப்படை முறை பாக்கி இருப்பதையே மறந்துவிடுவார்கள், கொடுத்தவர்கள் மட்டும் லாபத்தில் நிற்பார்கள். முதல் முறை முடிந்ததும் அந்தச் சீட்டைக் குறுக்கே திருப்பி வையுங்கள், இரண்டாவது முறையும் முடிந்த பிறகே ஓரம் போகட்டும். இட எண்ணை ஆட்டம் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். நடுவில் யார் வெளியே போனாலும் எண் மாறாது.

கரண்ட் கட்டில் பொய் வெட்டு

2012 வாக்கில் கோவை, திருப்பூர்ப் பக்கம் மில்லும் வீடும் கரண்ட் இல்லாமல் பட்ட பாட்டை நினைத்து வைத்த பெயர் இது. சுவாரசியமான சுற்று, ஆனால் கவிழ்த்துப் போடும்போது வகை மாறிப் போடுகிறவர்கள் உண்டு. ஏமாற்று என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். தொடங்கும் சீட்டு திறந்தே இருக்க வேண்டும், தொடங்குபவர் வகையைச் சத்தமாகவும் சொல்ல வேண்டும். பாதித் தவறு இதிலேயே போய்விடும். வேறு வகை போட்டவர் திருப்பும்போது "இல்லை" என்று சொல்லட்டும். பின்னால் அதே வகை அவர் கையிலிருந்து வந்து, நடுவில் அவர் எங்கும் வாங்கியிருக்கவில்லை என்றால், அடுத்து யார் அள்ள வேண்டிய குவியலாக இருந்தாலும் அது அவருக்கு.

இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் வெட்டியிருந்தால் குழம்ப வேண்டாம். தொடங்கிய வகையில் பெரிய சீட்டு போட்டவர் எல்லாவற்றையும் அள்ளுகிறார்.

இரண்டு பேர் மிஞ்சும்போது

சம்பவத்தை நிறுத்திவிடுங்கள். காத்திருக்கும் சீட்டு இருந்தாலும் எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டத்தில் கணக்கு தெரிந்தவருக்கு எதிராளியின் கை முழுக்கத் தெரியும். கழுதையில் நான் மிகவும் மதிக்கிற இடம் அதுதான். அங்கே அதிர்ஷ்டம் நுழையக்கூடாது.

வெளியே போனவர்கள் போனை நோண்டிக்கொண்டு உட்காருகிறார்கள் என்றால், கட்டை உருட்டுவதையும் சம்பவச் சீட்டைப் படிப்பதையும் அவர்களிடம் கொடுங்கள். யாரைத் தாக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் பங்காளி பக்கம், சம்பந்தி பக்கம் என்று ஆட்டம் வேறு எங்கோ போய்விடும்.

சின்னச் சின்னது

அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு 51 தான் இருக்கிறது: சந்தைத் துண்டை உதறிப் பாருங்கள். சம்பவச் சீட்டு எது என்று பின்பக்கத்தைப் பார்த்தே தெரிகிறது: ஒரே பத்திரிகையிலிருந்து வெட்டுங்கள், பிள்ளையார் படம் உள்ள பக்கம் வேண்டாம். அப்புச்சிக்கு எழுத்து தெரியவில்லை: பெரிதாகப் படம் வரையுங்கள், வரைகிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் ஆசையாகச் செய்வார்கள்.

"காசு வெச்சு ஆடலாங்களா?"

கூடாது. உச்ச நீதிமன்றம் 1967-இல் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொன்னதை இதற்கு இழுக்கிறார்கள். விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்பதில் திறமை வேண்டும் என்பதால்தான், மூன்று சீட்டு போன்ற ஆட்டங்களிலிருந்து அதைப் பிரித்துச் சொன்னார்கள். நாம் இங்கே செய்வது அதற்கு நேர் எதிர் வேலை, ஆட்டத்துக்குள் அதிர்ஷ்டத்தைக் கூட்டுகிறோம். சொந்தத்துக்குள் காசு கைமாறினால் மேலே சொன்ன சண்டைகள் எல்லாம் சீட்டோடு முடியாது. பந்தயம் வேண்டுமென்றால், கழுதையானவர் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்து அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுக்கட்டைக் கலைக்கட்டும், கூடவே புதிதாக ஒரு சம்பவச் சீட்டும் எழுதட்டும். அந்தச் சீட்டு கழிவைத் தொடக்கூடாது, கைமாறுவதை மறைக்கக்கூடாது, ஒரு சுற்று முன்னாலேயே தெரிய வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால், பழையதில் ஒன்றை எடுத்துவிட்டு அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.